விரலடியில் இருந்த எண்

எனக்கு மீன் வாடை ஆகாது ஐயா; மற்றபடி நான் யாரிடமும் குறை காண்பவன் அல்ல.

பாளையங்கோட்டையில் ஒரு வாடகை மாடியிலிருந்துதான் எங்கள் விண்வெளித் தொலைநோக்கிக்கு அன்றாடம் வேலை கொடுத்தோம். எந்த நட்சத்திரம், எவ்வளவு நேரம், எந்தக் கோணம் என்று பட்டியல் போட்டு அனுப்புவோம். வாசலில் ஆளுயர பிளெக்ஸில் நான்: முனைவர் ஜெபசீலன், முதன்மை விஞ்ஞானி. மணப்பாட்டு மீனவர் வீட்டு லிண்டா என் உதவியாளர். தினமும் சாளைக் கருவாடு கொண்டு வருவாள். அந்தக் கையாலேயே கம்ப்யூட்டரைத் தொடுவாள். நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பிரபஞ்சத்தை ஆராய்ந்தேன்.

ஒரு நட்சத்திரத்தின் ஒளி பதினோரு நாளுக்கு ஒருமுறை மங்குவதை அவள்தான் கண்டாள். குறுக்கே போவது ஒரு புதிய கோள். இன்னொரு முறை மங்கினால் உறுதி. கட்டுரையில் அவள் பெயர்தான் முதலில் என்றார்கள். என் பெயருக்கு முன்னால் கருவாடு.

எங்களிடம் ஒரு வழக்கம். பட்டியலை அனுப்புமுன், தட்டியவர் திரையைப் பார்த்து எண்களை உரக்க வாசிப்பார். மற்றவர் மூலத்தாளில் விரல் வைத்துச் ‘சரி’ சொல்வார். சூரியனுக்கு அருகே திரும்பினால் தொலைநோக்கியின் கண் கருகிவிடும்; அப்போது தானே சாத்திக்கொள்ளும் மூடி மழைக்காலத்திலிருந்தே மக்கர். அந்தச் ‘சரி’தான் எங்களுக்கு மூடி.

அன்று அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே தட்டினாள். “எப்பா, ஒங்க மவ பேரு பேப்பர்ல வரப்போவுது. வலைய அங்கன போட்டுட்டுக் கேளுங்க.” பிறகு எனக்கு வாசித்தாள். “சூரியனிலிருந்து விலகல், பதினாலு பாகை.”

என் விரலடியில் நூற்று நான்கு இருந்தது.

“சரி” என்றேன்.

நாற்பது நிமிடத்தில் தொலைநோக்கி குருடாயிற்று. அவள் பதினாலு என்று தட்டிவிட்டு நூற்று நான்கு என்று வாசித்ததாகத்தான் முதல் விசாரணையில் சொன்னேன். அவளுக்கே நிச்சயமில்லை. அவள் வேலை போயிற்று.

சனிக்கிழமைதோறும் டவுணில் அல்வா வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறேன்.

“சார், நான் நூத்தி நாலுன்னுதான் வாசிச்சேனா? நீங்க கேட்டியள்லா?”

“கேட்டேம்மா. விடு, மனுசத் தப்புதானே.”

அவள் கையைப் பிடித்து ஜெபம் செய்கிறேன். இப்போதெல்லாம் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. கையில் வாடையும் இல்லை.

அறையின் ஒலிப்பதிவு உங்களுக்குக் கிடைத்துவிட்டது. அதில் ‘பதினாலு’ என்று வாசிப்பது அவள் குரல்; ‘சரி’ சொல்வது என் குரல்தான். ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: லிண்டாவை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.