ஆணி மடித்த தாள்

இரும்புக் கடையில் நாங்கள் காகிதத்தை வீணாக்குவதில்லை, ஐயா. ஆணியோ திருகோ, கையில் கிடைத்த தாளில் மடித்துக் கொடுத்துவிடுவோம். இந்தச் சிக்கல் முழுவதும் அந்த நல்ல பழக்கத்தால் வந்ததுதான். மற்றபடி நான் யாருக்கும் கெடுதல் நினைக்காதவன். என் மச்சினனைக் கேளுங்கள், அவனே சொல்லுவான், தொண்டை சரியானதும்.

அந்தப் பழைய வாள்வீரன் கதையை நீங்களும் படித்திருப்பீர்கள். இடது கையால் வாளைச் சுழற்றிக்கொண்டு கப்பலுக்குக் கப்பல் தாவுவானே, அவன்தான். கடைசியில் புயலில் படகேறிப் போகிறான்; அதோடு முற்றும். எழுதியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்து அந்தப் படகு கரை சேர்ந்ததா என்ற கவலை எனக்கு. இப்போது வேறொருவர் இரண்டாம் பாகம் எழுதியிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, முதல் ஆளாகப் போய் வாங்கினேன். சரக்கு எடுக்க வெளியூர் போய்த் திரும்புவதற்குள் மச்சினன் அதைப் படித்து முடித்திருந்தான்.

நல்ல பையன். வாய்க்குத்தான் தாழ்ப்பாள் கிடையாது. "அத்தான், கடைசில என்ன ஆவுது தெரியுமா" என்று ஆரம்பித்தான். பின்னால் கிடங்கில் கம்பிச்சுருள் எத்தனை இருக்கிறது என்று பார்த்துவரச் சொன்னேன். போனான். கிடங்கு ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். ஒரு புத்தகம் படிக்கிற நேரம்தானே.

நான் மெதுவாகப் படிக்கிறவன்.

பட்டினி போட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். ஷட்டருக்கு அடியில் பன் கொடுத்தேன். உயரம் இடித்ததால் அமுக்கிக் கொடுத்தேன். தேநீரைத் தட்டில் ஊற்றித் தள்ளினேன். தம்பியைக் காணோம் என்று என் மனைவி அழுதபோது அவளோடு ஊரெல்லாம் அலைந்தேன். எங்கள் கிடங்கைத் தவிர ஓர் இடம் பாக்கியில்லை. உள்ளே யாரோ கத்துகிறார்களே என்று கேட்ட வாடிக்கையாளரிடம், ரேடியோ நாடகம் என்றேன். "நல்லாத்தான் நடிக்கிறான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒருவழியாகக் கடைசிக்கு வந்தேன். கோட்டை மதிலில் நம் ஆள் கயிற்றில் தொங்குகிறான். மேலே எதிரி வாளை ஓங்குகிறான். பக்கத்தைத் திருப்பினால் பின்னட்டை.

ஷட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாப்ள, கடைசித் தாள் எங்கடா?"

"அதுலதான் கொத்தனாருக்கு அரைக் கிலோ ஆணி மடிச்சுக் குடுத்தேன். படிச்சாச்சேன்னு."

"முடிவு என்ன?"

"சொன்னா திறப்பீங்களா?"

"சொல்லு, பாக்கலாம்."

"செத்துட்டான் அத்தான். கழுத்துல வெட்டு."

நாங்கள் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்கிறவர்கள். முதலில் சொல்வதை அப்படியே ஒப்புக்கொள்கிறவன் எங்கள் வீட்டில் பிறந்ததில்லை.

"கழுத்தெல்லாம் ரொம்ப அதிகம்டா. கட்டுபடியாகிற மாதிரி சொல்லு."

"புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

எழுந்து போகிறவன் மாதிரி செருப்பைத் தேய்த்தேன். எந்தப் பேரத்திலும் அது வேலை செய்யும்.

"இருங்க, இருங்க. தோள்பட்டைன்னு வச்சுக்கலாம்."

அன்றைக்குத் தோள்பட்டையிலேயே நின்றான். தேநீரை நிறுத்தினேன். மறுநாள் முழங்கைக்கு இறங்கினான். அவன் குரல் கம்மக் கம்மக் காயமும் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில், "கீறல் அத்தான். சின்னக் கீறல். கல்யாணமும் பண்ணிக்கிறான்" என்றான்.

கல்யாணத்தை நான் கேட்கவே இல்லை. கொசுறாக அவனே போட்டான். கொசுறு போடுகிறவனிடம் இன்னும் இடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அதனால்தான் அப்போதும் திறக்கவில்லை. ஒரு குழந்தையும் கேட்டுப் பார்க்கலாம் என்றிருந்தேன். அதற்குள், நான் ஷட்டரோடு பேசுவதைக் கேட்டுவிட்ட என் மனைவி, எங்கள் கடைக் கடப்பாரையாலேயே பூட்டைப் பெயர்த்துவிட்டாள். பேரம் பேசுகிற பொறுமை அவளுக்கு எப்போதுமே கிடையாது.

ஆமாம், பூட்டியது நான்தான். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள்.

கொத்தனாரிடமிருந்து அந்தத் தாளை வாங்கிவந்து மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். ஆணி குத்திய ஓட்டை இங்கிருந்தே தெரிகிறது. அது மடித்தபடியே இருக்கட்டும், ஐயா. நாங்கள் கீறலில் முடித்துக்கொண்டோம். பேசி முடித்த பிறகு ஏற்றிக் கேட்பது நியாயமில்லை.