அத்திமரத்துக்கு வந்தவங்க

— அந்த நோட்டை மட்டும் கட்டாதக்கா.

— ஏன்டா? நாளைக்குப் பறவைச் சங்கத்துக்காரங்க வந்து வாங்கிட்டுப் போறாங்க. அப்பா அம்பது வருஷமா பறவைகளைப் பாத்துப் பாத்து எழுதினது, மொத்தம் முப்பத்தொண்ணு.

— முப்பதைக் குடு. கடைசி ஒண்ணு வேண்டாம்.

— அதுலதான் என் கையெழுத்து இருக்கு. கண்ணு போனப்புறம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவ்வளவு மோசமாவா இருக்கு?

— கோழி கிளறின மாதிரிதான் இருக்கு. விஷயம் அது இல்ல...

— பின்னே?

— விடு... சைக்கிள் கூடையில குருவி கூடு கட்டினது எதுல இருக்கு?

— ஆறாவதுல. அதைக் கலைக்கக் கூடாதுன்னு மூணு வாரம் தபால் ஆபீசுக்கு நடந்தே போனாரு. "கட்டிக்கிட்டவ பெரிசா, கூடு கட்டினவ பெரிசா"ன்னு அம்மா பிடிபிடின்னு பிடிச்சா.

— அப்பா என்ன சொன்னாரு?

— "அவ மூணு வாரத்துல போயிடுவா, நீ போகமாட்டியே"ன்னாரு. அன்னைக்கு சமையல் அவர்தான்.

— சிரிக்க வைக்காதக்கா... அவர் போய் இன்னும் ஒரு மாசம் ஆகல.

— தொண்ணூத்தோரு வயசு. கிடைச்ச லீவெல்லாம் நம்மளை ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போறதுலேயே தீர்த்தாரு. நமக்கு ஒரு குறை வச்சாரா?

— வச்சாரே. கடைசி ரெண்டு வருஷம் என் வீட்டு வாசப்படி மிதிக்கல. எத்தனை தடவை கூப்பிட்டேன்?

— "முடிஞ்சா வாங்கப்பா"ன்னே. அது கூப்பிடறதா? சரி, அதை விடு. தினம் காலையில போன் பண்ணினியே, அது போதும். "அத்திமரத்துக்கு இன்னைக்கு யாரு வந்தாங்க?"ன்னு கேப்பாரு. நீ சொன்னதையெல்லாம் அப்புறம் என்கிட்ட ஒப்பிப்பாரு. உன் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்ட அன்னைக்கு அவர் கையால வச்ச மரமாச்சே.

— அதுக்குத்தான் அந்த நோட்டு வேண்டாங்கறேன்... அக்கா, அந்த மரம் இல்ல. வெட்டிட்டேன். கார் நிறுத்த இடம் பத்தல. அவருக்குக் கண்ணு போன அடுத்த மாசம். புஸ்தகத்தைப் பாத்து தினம் ஒரு பறவை சொல்லிட்டிருந்தேன். நீ எழுதினது பூரா என் கட்டுக்கதை.

— அதான் அப்படிக் கூப்பிட்டியா?

— பார்வை இல்லேன்னாலும் வந்தா மரத்தைத் தடவிப் பாப்பாரேக்கா... திட்டு. நல்லாத் திட்டு.

— நாலாவது பக்கத்தை எடு. படி.

— "கொண்டலாத்தி, ரெண்டு. அத்திப்பழம் தின்றது." இதுக்கென்ன?

— கொண்டலாத்தி பழம் தின்னாதுடா. தரையில புழு கொத்தும். அதை என்கிட்ட சொல்லும்போது அப்பா சிரிச்சாரு. அப்புறம்தான் "போய் மரம் இருக்கான்னு பாத்துட்டு வா"ன்னாரு.

— நீ... வந்தியா?

— நீங்கல்லாம் வேலைக்குப் போயிருந்தீங்க. கேட்டுக்கு வெளியவே நின்னு பாத்துட்டு வந்துட்டேன்.

— தெரிஞ்சுமா ரெண்டு வருஷம் எழுதினே?

— அவர் எழுதுன்னாரு. எனக்கும்... ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு, நீ அவர்கிட்ட பேசற அந்தக் கால்மணி நேரத்துலதான் நான் குளிக்கவே போவேன்.

— ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா. கால்ல விழுந்தாவது கூட்டிட்டுப் போயிருப்பேன். என் மேல அவ்வளவு கோவமா? அதான் கடைசி வரைக்கும் வரலையா?

— கோவம் இல்லடா. "நான் போய் நின்னா அவனால முகம் குடுத்துப் பேச முடியாது. அப்புறம் காலையில போன் வராது"ன்னாரு.