தவளை போகும்வரை தேய்!

தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் மழலையர் பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே! என்னை 'நாவலர்' என்று வரவேற்று, மூன்றாம் வரிசையில் இருக்கும் என் மனைவியை வாய்விட்டுச் சிரிக்கவைத்த செயலாளர் அவர்களே! முந்திவந்து முன்வரிசை பிடித்த பெரியோர்களே! மடியில் ஒன்று, தோளில் ஒன்று, தப்பியோடியது ஒன்று என மும்முனைக் காவல் காக்கும் தாய்மார்களே! தரையில் உருண்டுகொண்டிருக்கும், இந்த அவையின் அறிவார்ந்த பகுதியினரே! அனைவருக்கும் வணக்கம்.

'பிள்ளைகளுக்குக் கைகழுவக் கற்பிப்போம்' என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கற்பித்தது யார், கற்றது யார் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பள்ளியின் சின்ன டீச்சர், காலையில் ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் ஒரு நீலத் தவளை முத்திரை குத்துகிறார். "கிருமி கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தவளை தெரியும். சோப்புப் போட்டு, விரலிடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்தால் தவளை போகும். தவளை போனால் கிருமியும் போகும்!" அவ்வளவுதான் பாடம். பூச்சாண்டி இல்லை, பிரம்பு இல்லை.

அந்த வகுப்பில்தான் என் தங்கை மகள் படிக்கிறாள். வயது நான்கு, அதிகாரம் நாற்பது. அவளுக்குத் தம்பி பிறந்தான். ஏழே மாதத்தில் அவசரப்பட்டு வந்துவிட்டான். முப்பத்திரண்டு நாள் மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். அவன் வீடு வந்த அன்று, டீச்சர் ஒரு பழைய தவளை முத்திரையை அக்காக்காரிக்குப் பரிசளித்தார். அம்மணி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்!

நான் போனேன். எங்கிருந்து? ஒரு மண்டபத்தில் தூய்மையைப் பற்றி முழங்கி, இருநூறு பேரோடு கைகுலுக்கி, நேராக அங்கே! (ஐயா, மூக்கின்மேல் விரலை வைத்து வியக்காதீர்கள், கழுவிவிட்டு வியந்துகொள்ளுங்கள்.)

"மாமா, கையக் காட்டு."

குத்தினாள். குளியலறைக்குள் போனேன். தண்ணீரோ ஜில்லென்று இருந்தது. சட்டையோ முழுக்கை, சலவைக்காரர் கத்திபோல் தேய்த்துத் தந்தது. என்ன செய்தேன்? வெளியே சத்தம் கேட்கட்டும் என்று குழாயைத் திறந்துவிட்டேன். சுட்டுவிரலால் எச்சிலைத் தொட்டு உள்ளங்கையில் தடவினேன். கைக்குட்டையால் தேய்த்தேன், தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன். கால் போயிற்று, வயிறு போயிற்று, கடைசியில் கண்ணும் போயிற்று. வெற்றி!

வெளியே வந்து கம்பீரமாகக் கையை நீட்டினேன். அவள் பார்க்கவில்லை. முகர்ந்தாள்!

"சோப்பு வாசனையே வரல. மாமா எச்சில் போட்டு அழிச்சிருக்கு!"

வீடே சிரித்தது. என் மனைவி இருக்கிறாளே, "குழாய்தான் ஓடிட்டே இருந்ததே, அதுலயே கைய நீட்டியிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே!" என்றாள். உண்மைதானே? ஏமாற்றுவதற்கு நான் பட்ட பாட்டில் பாதி பட்டிருந்தால் நான்கு முறை கழுவியிருக்கலாம்!

ஆனால், சபையோரே, என் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"முப்பத்திரண்டு நாள் கண்ணாடிக்கு வெளிய நின்னேன் அண்ணா. பெத்த பிள்ளையத் தொட எனக்கே ஒரு ஓட்டைதான் இருந்துச்சு. அதுக்கும் முழங்கை வரைக்கும் கழுவிட்டுத்தான் கைய விடுவேன்."

கைக்குட்டையைச் சட்டைப்பைக்குள் ஒளித்தேன்.

மருமகள்தான் காப்பாற்றினாள். முக்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னே நடந்தாள். "வா மாமா, நான் சொல்லித்தரேன்." சட்டைக் கையை மடிக்கச் சொன்னாள். கட்டைவிரலை மறந்தேன், திட்டினாள். நகத்தை விட்டேன், மறுபடி முதலிலிருந்து! ஐம்பது வயதில் அன்றுதான் ஐயா, நான் முதன்முதலாகக் கை கழுவினேன்.

பிறகு குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். இரண்டு கை நிறையவில்லை அவன். என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டான். எந்த விரலை? எச்சில் தொட்ட அதே விரலை! கழுவாமல் நீட்டியிருந்தால்?

பெற்றோரே! பிள்ளைக்குக் கிருமி தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? தெரியும்! காணாததைக் காட்டினால் கற்றுக்கொள்ளும், கற்றதைக் காப்பாற்றும், காப்பாற்றுவதில் மாமன் என்றும் பார்க்காது! நாம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பிள்ளைக்கு முன்னால் நாம் கழுவ வேண்டும். சத்தத்துக்குக் குழாய் திறக்கும் வித்தை நம்மோடு ஒழியட்டும்! நம்மோடு ஒழியட்டும்!

கைதட்டாதீர்கள், இன்று வாசலில் உங்களுக்கும் முத்திரை குத்தியிருக்கிறார்கள், மை ஒட்டும். இதோ, என் கையிலும் தவளை உட்கார்ந்திருக்கிறது. ஆகவே தலைவர் அவர்கள் பொறுத்தருள வேண்டும், கைகுலுக்க இயலாது. பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி கூறி, தூரத்திலிருந்தே கைகூப்பி விடைபெறுகிறேன்.

மேடைப் படியிலேயே சோப்போடு நிற்கிறாள் பாருங்கள், என் மருமகள். வருகிறேன் தாயே, வருகிறேன். வணக்கம்!