கோழிப்பாறையில் உட்கார்ந்திருப்பவன்

கதவைச் சாத்திவிட்டு இப்படி நெருங்கி உட்காருங்கள். அந்த ஏசியை அணையுங்கள். வேர்த்தால் வேர்க்கட்டும்... இந்தக் கதைக்கு எப்படியும் வேர்க்கத்தான் போகிறது.

நம் ரூம் ஜிபினுக்கு இன்றைக்கு நைட் டூட்டி. அதனால்தான் வாயைத் திறக்கிறேன். இது அவனுடைய தாய்மாமா நேசையனுக்கு நடந்தது. அவன் இருந்தால் சொல்ல விடமாட்டான், குடும்பத்துக்கே தலைகுனிவு என்பான்.

நேரம்... பகல் பன்னிரண்டரை. என்ன சிரிப்பு? பேய் என்றால் நடுச்சாமத்தில் புளியமரத்தடியில், மல்லிகைப்பூ வாசனையோடுதான் வரவேண்டுமா? உச்சி வெயிலில் வெளியே போகாதே என்று ஊரில் அம்மாமார் சும்மாவா பிடித்து வைத்தார்கள்?

ஆகஸ்ட் மாதம். இங்கே அமீரகத்தில்தான், புஜைராவுக்கு வடக்கே, ஆள் அரவமே இல்லாத கடல்பாதை. பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டுக் கிடக்கும். கரையை ஒட்டிய இந்தப் பாதையில் மீன்பிடி வள்ளங்கள் எப்போதாவது போகும், அவ்வளவுதான். அங்கே ஒரு பாறைத் தீவு. மேப்பில் என்ன பெயரோ தெரியாது, நம் ஆட்கள் வைத்த பெயர் கோழிப்பாறை. தூரத்திலிருந்து பார்த்தால் அடைகாக்கும் கோழி. கிட்டே போனால் நீர்க்காகத்தின் எச்சம் வெள்ளையாக வழிந்து கிடக்கும். நாற்றம் மூக்கைத் துளைக்கும். மரம் இல்லை, தண்ணீர் இல்லை, ஒண்டுவதற்குக் கையகல நிழல்கூட இல்லை.

நேசையனும் அவர் மனைவியின் தம்பி பிரைட்டும் அந்தப் பக்கம்தான் மீனுக்குக் கம்பிக்கூண்டு இறக்கியிருந்தார்கள். இரண்டு பேரும் குமரிக் கடற்கரைக்காரர்கள். வள்ளம் கஃபீலுடையது, அதாவது விசா கொடுத்த அரபியுடையது. கஃபீல் நல்ல மனிதர்தான், ஆனால் ஒரு விஷயத்தில் கறார். வெளியாள் யாரையும் வள்ளத்தில் ஏற்றக்கூடாது. அதற்கு முந்தின வருஷம் வேறொரு வள்ளம் பேப்பர் இல்லாத ஒருவனை ஏற்றிக்கொண்டு வந்ததில் வள்ளம் பறிபோயிற்று, ஆட்கள் ஜெயிலுக்குப் போய், கடைசியில் ஊருக்கு ஏற்றி அனுப்பப்பட்டார்கள். நேசையனின் மகள் சுபிஷா அப்போது நர்சிங் கடைசி வருஷம். வீட்டில் சம்பாதிக்கிறவர் இவர் ஒருவர்தான்.

கூண்டைத் தூக்கிக்கொண்டிருந்தபோது... பாறை மேல் ஒரு ஆள் எழுந்து நின்றான்.

நீலக் கட்டம் போட்ட கைலி. அதை உருவி, தலைக்கு மேலே இடமும் வலமுமாக வீசினான். நின்றான். மறுபடியும் வீசினான்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நேசையனின் ஊர்க் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தில் இருப்பவன் அப்படித்தான் துணி வீசுவான். பார்த்த வள்ளத்துக்காரன் தலைத்துண்டை அவிழ்த்து வட்டமாகச் சுழற்றுவான். 'கண்டாச்சு, வாறோம்' என்று அர்த்தம். பதில் கிடைத்தவன் வீசுவதை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்ள வேண்டும். உடம்பில் தெம்பு மிஞ்ச வேண்டுமே. அதற்கப்புறம் வேறு வள்ளத்தைக் கூப்பிடவும் கூடாது. கூப்பிட்டால், வருகிறேன் என்று சொன்னவனை நம்பவில்லை என்று ஆகிவிடும். பதில் கொடுத்தவன் வருவான். வெட்டுப் பகையாளியாக இருந்தாலும் வருவான்.

யோசிக்கக்கூட நேரமில்லை. நேசையனின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. சிவப்புத் துண்டு. அவிழ்த்தார், சுழற்றினார்.

பாறை மேல் இருந்தவன் கைலியைக் கட்டிக்கொண்டு... உட்கார்ந்துவிட்டான்.

அதைப் பார்த்ததும்தான் நேசையனுக்குப் புரிந்தது. உட்காரத் தெரிந்திருக்கிறது என்றால் அவன் நம் கடற்கரை ஆள்.

"அத்தான், என்ன காரியம் செய்தீரு?" பிரைட் குரலைத் தாழ்த்திக் கேட்டான். "அக்கரை ஈரான்லேருந்து வந்தவனா இருக்கும். பேப்பர் கெடையாது. ஏத்தினா நம்ம கதை கலாஸ்."

"நம்ம ஊருக்காரன்லே அவன்."

"நம்ம ஊருக்காரன்னா போலீஸ் உட்டுருவானா? சுபிஷாவ நெனச்சுப் பாரும். ஆபத்துக்குப் பாவமில்ல அத்தான். வேற எவனாவது வருவான்."

பிரைட் எஞ்சினைத் திருப்பினான். நேசையன் தடுக்கவில்லை. பையில் போன் இருந்தது, சிக்னலும் இருந்தது. கோஸ்ட் கார்டுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். 'நீ யார், எந்த வள்ளம், ஏன் ஏற்றவில்லை' என்று கேட்பார்களே என்று அதையும் போடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது என்று பிற்பாடு ஜிபினிடம் சொல்லி அழுதாராம்.

சாயங்காலம் துறைமுகத்தில் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போது, வேறொரு வள்ளத்தில் வேலை செய்யும் சோலைமுத்து வந்தார். ராமநாதபுரத்துக்காரர், இவர்கள் வழக்கமெல்லாம் அவருக்குத் தெரியாது.

"கோழிப்பாறையில ஒருத்தன் குத்தவச்சு உக்காந்திருந்தான்ப்பா. கிட்டக்கதான் போனோம். கூப்பிடவே இல்ல. தூண்டில் போட வந்தவன் போலன்னு வந்துட்டோம்."

நேசையன் டீயைக் கீழே வைத்துவிட்டார். இவர் துண்டு வீசியதை நம்பி... கிட்டே வந்த வள்ளத்தையும் அவன் போகவிட்டிருக்கிறான்.

வெளிச்சம் இன்னும் இருந்தது, போயிருக்கலாம். போகவில்லை. அன்று ராத்திரி காற்று எழும்பியது, மூன்று நாள் ஒருவரையும் கடலுக்கு விடவில்லை. நாலாம் நாள் பிரைட்டை நச்சரித்துக் கூட்டிக்கொண்டு போய்ப் பாறையில் ஏறிப் பார்த்தார். யாரும் இல்லை. ஒரு துணி, ஒரு செருப்பு... எதுவும் இல்லை. கடலைப் பார்த்த பக்கத்தில், ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் எச்சம் படாமல் சுத்தமாக இருந்தது.

வள்ளம் பாறையை விட்டு நகர்ந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா? திரும்பிப் பார்த்தார்.

உட்கார்ந்திருந்தான். நீலக் கட்டம் கைலி, முழங்காலைக் கட்டிய கை. முகம் இவர் பக்கம்.

"லே பிரைட்... அங்க பாரு."

"எங்க? ரெண்டு காக்காதான் இருக்கு."

அன்றிலிருந்து தினமும் பன்னிரண்டரைக்கு முதலில் அந்த எச்ச நாற்றம் வரும். பிறகு எங்காவது அவன் தெரிவான். அலைத்தடுப்புக் கல் மேல்... எதிர் பில்டிங் தண்ணீர்த் தொட்டி மேல்... ஒருநாள் கேம்ப் பஸ் நின்ற சிக்னலில், நட்டநடு ரோட்டுத் திட்டில். கிட்டே வந்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை, கை நீட்டிக் கூப்பிட்டதும் இல்லை. வருவார் என்று நம்பிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். மிரட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்பாராம் மனிதர். சிவப்புத் துண்டைச் சுருட்டி மெத்தைக்கு அடியில் போட்டுவிட்டார். வெறுந்தலையோடு கடலுக்குப் போக ஆரம்பித்தார்.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை புஜைரா சர்ச்சில் தமிழ்ப் பூசை. முடிந்ததும் ஒரு பெண் எழுந்து முன்னால் வந்தாள். சுகிர்தராணி, துபாயில் நர்ஸ். அவள் புருஷன் ஜெனிஷ் ஈரான் கரையில் லாஞ்சுப் படகில் வேலை செய்தவன். ஆகஸ்டில் லாஞ்ச் முங்கிப் போனது. போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் வைத்திருந்தவன் கடைசியாக அவளுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறான். அதை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். முதலில் காற்றுச் சத்தம்... ஒரு பறவை இறக்கையடிக்கும் சத்தம்... அப்புறம் குரல்.

"பயப்படாத சுகிர்தா. நான் ஒரு பாறையில ஏறிட்டேன். எந்த எடம்னு தெரியல்ல. நம்ம ஊரு வள்ளம் ஒண்ணு கண்டாச்சு. செவப்புத் துண்டு வீசிட்டாரு. வந்துருவாரு. சார்ஜ் இல்ல, வைக்கேன்."

நேசையன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன்மாரே, போலீசு தேடியாச்சு, ஒண்ணும் கெடைக்கல்ல" என்றாள் சுகிர்தராணி. "நான் சண்டைக்கு வரல்ல. யாருக்க பேரையும் எங்கயும் சொல்ல மாட்டேன். எந்தப் பாறைன்னு மட்டும் சொல்லுங்க. ஒரு எலும்பு கெடச்சாலும் எனக்க பிள்ளைக்கு அப்பனுக்க கல்லறைன்னு காட்டுவேன்."

கோழிப்பாறை. ஒரே ஒரு சொல். அது நேசையனின் நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் நின்ற பிரைட் அவர் கையைப் பிடித்து அழுத்தினான். விசா, சுபிஷா, கஃபீல்... எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கண் முன் வந்தது. சொல்லை எச்சிலோடு விழுங்கினார். விழுங்கியபோது தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்ததாம்.

சுகிர்தராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பையில் வைக்கப் போனாள்.

எச்ச நாற்றம் குப்பென்று வந்தது. இந்தத் தடவை எல்லோருக்கும் வந்தது. முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடினார்கள்.

டிங்.

அவள் கையிலிருந்த போன். ஜெனிஷ் நம்பர். மெசேஜ் மேல் விரலை வைத்தாள். அதே காற்று... அதே இறக்கை... கொஞ்சமும் கோபமில்லாத அதே குரல்.

"சுகிர்தா... நான் இன்னும் உக்காந்துதான் இருக்கேன். வேற வள்ளமெல்லாம் போவுது, நான் கூப்பிடல்ல. துண்டு வீசினவரு ஒனக்க எதிரதான் நிக்காரு. எப்ப வாறாருன்னு கேட்டுச் சொல்லு."

சுகிர்தராணி நிமிர்ந்து பார்த்தாள். கோயிலே திரும்பிப் பார்த்தது.

நேசையன் குனிந்த தலை நிமிரவில்லை. அவருடைய வலது கை மட்டும், துண்டு எதுவும் இல்லாமல், தலைக்கு மேலே வட்டமாகச் சுழன்றுகொண்டிருந்தது.