மூக்கனின் பெயரில் நான் கொடுத்த இரத்தம்

பேச்சிமுத்து செல்லசாமி ஆகிய நான், வயது ஐம்பத்து மூன்று, றொசல்லவுக்கு மேலே கல்மலைத் தோட்டம், மேற்பிரிவு, ஏழாம் இலக்க லயத்தில் குடியிருக்கிறேன். அதே தோட்டத்தில் தேயிலைக்குப் பூச்சி மருந்தடிக்கும் ஆட்களுக்குக் கங்காணியாக இருக்கிறேன். இறந்துபோன மூக்கன் என் கீழ் பல வருடங்களாக மருந்தடித்தவர். உறவு கிடையாது, ஒரே லயம். இந்த வாக்குமூலத்தைக் கொடுக்க யாரும் என்னை வற்புறுத்தவில்லை. குடித்துவிட்டும் வரவில்லை.

கடந்த மாசி மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து வைத்தியர்கள் வந்து, மருந்தடிக்கிறவர்களின் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். உடம்புக்குள் போகும் நஞ்சைக் கழித்துத் தள்ளும் சக்தி சிலருக்குப் பிறப்பிலேயே குறைவு என்றும், அது தாய் தகப்பனிடமிருந்து வருவது என்றும், அப்படிப்பட்டவர்களுக்கு மரபணுவே சீக்கிரம் சிதைந்துபோகலாம் என்றும், அவர்களை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும் தனுஜா என்ற வைத்தியர் விளங்கச் சொன்னார். எனக்கு நன்றாகவே விளங்கியது.

அன்று மூக்கன் ராகலைக்கு மரக்கறித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். ஆள் இல்லையென்று தெரிந்தால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், வெட்டுப்படும். காலையில் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது வராதவருக்காக இன்னொருவர் குரல் கொடுப்பது எங்கள் வழக்கம். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கும் தெரியும், தெரியாததுபோல் இருப்பார். ஆகவே வைத்தியர்கள் மூக்கன் என்று கூப்பிட்டதும் நான் எழுந்து போய்க் கையை நீட்டினேன். ஆட்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆள் கணக்கு சரியாக இருந்தால் போதும் என்ற புத்திதான் எனக்கு.

அதன்பின் முடிவு வந்தது. இரண்டு பேரை மருந்து வேலையிலிருந்து எடுத்தார்கள். மூக்கனின் இரத்தத்தில் குறையில்லை என்றார்கள்.

அதன்பின் வைகாசி வாக்கில் மூக்கனின் மனைவி ஜீவராணி என் வீட்டு வாசலுக்கு வந்து, "அண்ணே, அவருக்குக் கை நடுங்குது, சோத்தப் பெசஞ்சு வாயில வைக்க முடியல. செடி வெட்டுற கவ்வாத்து வேலைக்கு மாத்தி விடுங்கண்ணே" என்று கேட்டார். "அவன் ரத்தம் நல்லாருக்குன்னு டொக்டர்மாரே சொல்லிட்டாங்களே புள்ள, பயப்படாத" என்றேன். அது யாருடைய இரத்தம் என்று தெரிந்துகொண்டேதான் சொன்னேன். உண்மையைச் சொன்னால் என் கங்காணி வேலை போய்விடும் என்று பயந்தேன். ஜீவராணி என்னை நம்பித் திரும்பிப் போனார்.

அதன்பின் கடந்த செவ்வாய்க்கிழமை மேல் மலையில் மருந்தடித்துக்கொண்டிருந்த மூக்கன் தேயிலைச் செடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். வாயில் நுரை வந்தது. லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம், வழியிலேயே உயிர் போய்விட்டது. நஞ்சுதான் காரணம் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள்.

அதன்பின் தோட்டத்தில் வேறு பேச்சு கிளம்பியது. இரத்தத்தில் குறையில்லாத ஆள் மருந்தடித்துச் சாகமாட்டான், பெண்சாதியோடு சண்டை போட்டுக்கொண்டு அதை எடுத்துக் குடித்திருப்பான் என்றார்கள். சாவு வீட்டில் ஜீவராணியின் பக்கத்தில் பெண்கள் யாரும் உட்காரவில்லை. என்ன சண்டை என்று பொலிசார் அவரைக் கேட்டபோது நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அதற்கு மன்னிப்பே கிடையாது.

தகப்பன் போனால் வேலை பிள்ளைக்குத்தான். இன்று காலை பெரட்டில் மூக்கனின் மகன் சுதாகரன் தகப்பனின் மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்து, "மாமா, எந்த மலைக்குப் போகணும்?" என்று கேட்டான். டாங்கியைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு நேரே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன்.

மூக்கன் மருந்து குடிக்கவில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து அவரோடு மலையில் நின்றவன் நான். வைத்தியர்கள் சோதித்தது என் இரத்தத்தை. என் மீது வழக்கு வரலாம் என்று உத்தியோகத்தர் சொன்னார், வரட்டும் என்றேன்.

உத்தியோகத்தர் வாசித்துக் காட்டினார். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, அத்தனையும் உண்மை. கடைசியாக ஒன்றை மட்டும் சேர்க்கச் சொன்னேன்: சுதாகரனின் உடம்பில் ஓடுவது தகப்பனின் இரத்தம். அதைச் சோதிக்கும் வரை அவன் முதுகில் யாரும் டாங்கியை ஏற்றக்கூடாது. கங்காணி சொன்னாலும் ஏற்றக்கூடாது.

(ஒப்பம்) பே. செல்லசாமி