தானாக எழும்பும் ஏழு கணினிகள்

மேடையில் இருக்கும் கூட்டுறவுச் சங்கத் தலைவர் திரு. பிரசாந்தன் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மகள் மேரிஜோசப்பினின் படத்துக்கு நேரே அமர்ந்திருக்கும் கிறேசம்மா அக்கா அவர்களே, மாட்டையும் வலையையும் விட்டுவிட்டு இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் நெடுந்தீவு மக்களே, எல்லோருக்கும் சரவணமுத்துவின் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். எனக்குப் பதினொரு நிமிடம் வேண்டும். ஏன் பதினொன்று என்பதைக் கடைசியில் சொல்வேன். அதுவரைக்கும் தலைவர் மணிக்கூட்டைப் பார்க்க வேண்டாம்!

யார் இந்த மேரிஜோசப்பின்? ‘சங்கத்தின் கணினிப் பொறுப்பாளர்’ என்று அஞ்சலி அறிவித்தலில் அச்சடித்திருக்கிறீர்கள். அவ்வளவுதானா? யாழ்ப்பாணத்து அலுவலகங்கள் வேண்டாம் என்று கழித்த ஏழு கணினிகளைச் சாக்கில் சுற்றிப் படகில் கொண்டுவந்தவர் யார்? அந்த ஏழையும் ஒன்றாகப் பிணைத்து, ஒரே பெரிய கணினியாக்கி, அதற்குள்ளே படகுப் பதிவுக்கு ஒரு பங்கு, மாட்டுப் பதிவுக்கு ஒரு பங்கு, பாடசாலைக்கு ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுத்தவர் யார்? உலகம் இதைக் கிளவுட் என்கிறது. எங்கள் கிளவுட் வானத்தில் இல்லை, ஐயா! இந்தச் சுவருக்கு அங்கால், ஒரு பழைய இரும்பு அலுமாரிக்குள் இருக்கிறது!

இதைக் கட்டுவதற்கு இலவசமாய்க் கிடைக்கும் திறந்த மென்பொருள்கள் பல உண்டு. எதைக் கொண்டு கட்டுவது என்பதில்தான் எனக்கும் அவருக்கும் சண்டை. நான் வானொலியும் படகு எஞ்சினும் திருத்தியவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவற்றில் பெரியதான ஓபன்ஸ்டாக் பற்றி எண்ணூறு பக்கம் வாசித்தவன். ஆகவே கேட்டேன்:

“பிள்ளை, பெரிய பெரிய நிலையமெல்லாம் ஓபன்ஸ்டாக்கிலை ஓடுது. நீர் ஏன் சின்னனுகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்?”

“அண்ணை, அது பெரிய கப்பல். எங்கடை மாவிலித்துறையிலை கொண்டுவந்து கட்ட ஏலுமே?”

“கட்டிக் காட்டுறன்!”

“கட்டுங்கோ. பிறகு கரண்ட் நிண்டால் என்னைக் கூப்பிடக்கூடாது.”

கட்டினேன்! நான்கு மாதம் இருந்து கட்டினேன். உள்நுழையும் வாசலுக்கு ஒரு பகுதி, வலையமைப்புக்கு ஒரு பகுதி, சேமிப்புக்கு ஒரு பகுதி என்று அத்தனையும் தனித்தனியாய், அழகாய் நின்றன. தரவுகளை மூன்று கணினிகளில் ஒரேநேரத்தில் எழுத வைத்தேன். ஒன்று விழுந்தால் மற்ற இரண்டும் தாங்கும். எவ்வளவு பெருமை எனக்கு! எட்டு மாதம் ஓடியது. பிறகு ஒருநாள் மேரிஜோசப்பின் அதை அப்படியே கழற்றிவிட்டு, ஓபன்நெபுலா என்ற சின்ன மென்பொருளைப் போட்டார். கணினி அறையின் திறப்புவிழாக் கல்லில் அவர் பெயர் இருக்கிறது, தலைவரின் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. ஆறு வருடமாக இந்தக் கதையை நான் சொல்லாத வீடு இந்தத் தீவில் உண்டா? ‘என்ரை வேலையைப் பிடுங்கி எறிஞ்சவள்’ என்று கடை கடையாய்ச் சொன்னவன் நான். நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள்.

ஆனால் ஏன் கழற்றினார் என்று நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

அந்தக் கார்த்திகை மாதம் கடல் குழம்பியது. நான்கு நாள் படகு இல்லை. நான் வேலணையில் மகள் வீட்டில் அகப்பட்டுவிட்டேன். இங்கே மின்சாரம் நின்றது. திரும்பி வந்தது. கணினிகள் எழும்பின. ஆனால் தரவுகள் எழும்பவில்லை! ஏனென்றால், மூன்றும் ஒன்றாக விழுந்தால் அவை ஒன்றையொன்று நம்பமாட்டா. கடைசியாய் விழுந்தது எது, யாரிடம் இருக்கும் கணக்குச் சரியானது என்று ஒரு மனுசர் வந்து சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்த ஒரே மனுசன் நான். நானோ கடலுக்கு அந்தப் பக்கம்! எப்படிச் செய்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேனா? இல்லை. வேறு யாருக்கும் தெரிந்தால் என்னை யார் தேடுவார்கள் என்று நினைத்தேன். அது மென்பொருளின் பிழை இல்லை. என் பிழை.

ஐந்தாம் நாள் படகு வந்தபோது துறையில் இருநூறு பேர். படகுப் பதிவுப் பட்டியல் இல்லை. முண்டியடித்தவர்கள் ஏறினார்கள். இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாரே சிவக்கொழுந்து அக்கா, அவருடைய கண் சத்திரசிகிச்சைக்கு அன்று திகதி. பட்டியலில் முதல் பெயர் அவருடையது. அவர் கரையிலேயே நின்றார். அடுத்த திகதி கிடைக்க ஐந்து மாதம் ஆனது.

அன்று சனம் திட்டியது யாரை? மேரிஜோசப்பினை! “கரண்டாலை வந்த பிழை, நான்தான் கவனிக்கேல்லை” என்று தன் தலையில் போட்டுக்கொண்டார். நான் வந்து இறங்கியதும் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “அண்ணை, இனி நாங்கள் ஒரே ஒரு சோதினைதான் வைப்பம்” என்றார்.

என்ன சோதனை தெரியுமா? உலகத்தில் எவரும் இப்படி ஒப்பிட்டிருக்கமாட்டார்கள்! எது வேகம், எது பெரிசு, எதில் வசதி கூட என்றுதான் எல்லாரும் பார்ப்பார்கள். இவரோ ஓபன்ஸ்டாக், கிளவுட்ஸ்டாக், ஓபன்நெபுலா மூன்றையும் மாறி மாறிப் போட்டு, மெயின் சுவிட்சை இறக்கினார். பிறகு தூக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். ஒருவரும் தொடக்கூடாது! மனுசர் தொடாமல் எது எழும்புகிறதோ அதுதான் நெடுந்தீவுக்கு.

என் ஓபன்ஸ்டாக் மனுசரைத் தேடி நின்றது. கிளவுட்ஸ்டாக் நல்ல பிள்ளை போல வேலை செய்தது. ஆனால் தன்னுடைய நிர்வாகத்துக்கே இரண்டு கணினியளவு இடம் கேட்டது. “இருக்கிறதே ஏழு பழசு. வீட்டுக்காரருக்கே அறை காணாது, விருந்தாளியை எங்கை வைக்கிறது?” என்றார். ஓபன்நெபுலா சிறியது. பிரித்துப் பார்த்தால் ஒரு மனுசருக்கு ஒரு கிழமையில் விளங்கும். எழும்பியதும் ஒவ்வொரு பங்கையும் வரிசையாய் எழுப்ப, அவர் தன் கையால் ஒரு சிறு நிரல் எழுதிச் சேர்த்தார். பதினேழு தரம் சுவிட்சை இறக்கினார். பதினேழாம் தரம், யாரும் தொடாமல், பட்டியல் திரையில் வந்தது. அந்த மனுசி துள்ளிய துள்ளல்! மணி பார்த்தேன். பதினொரு நிமிடம்.

இப்போதும் சொல்கிறேன், ஓபன்ஸ்டாக் பெரியது. ஒருநாள் எழுபது கணினி இந்தத் தீவுக்கு வந்தால் அதைத்தான் போட வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்! ஆனால் ஏழுக்கு அவர் சொன்னதே சரி. அவர் இருக்கும்போது இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

தலைவர் அவர்களே, செவ்வாய்க்கிழமை உங்கள் நிர்வாகக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வருகிறது. ‘அவவும் போயிட்டா, இனி இதை ஆர் பாக்கிறது? அலுமாரியை மூடிப்போட்டு வெளிநாட்டிலை வாடகைக்கு இடம் எடுப்பம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தொலைபேசிக் கோபுரம் சரிந்து தொடர்பு அறுந்த நாளில் வெளிநாட்டில் இருக்கும் பட்டியலைத் துறையில் நின்று எப்படி வாசிப்பீர்கள்? யார் பார்ப்பது என்று கேட்கிறீர்களே, யாரும் பார்க்க இல்லாத நாளுக்காகத்தானே அந்தப் பிள்ளை இதைக் கட்டினாள்!

நம்பிக்கை இல்லையா? சரி. இன்று கடைசிப் படகு போனபிறகு, அலுமாரி அறையின் மெயின் சுவிட்சை நான் இறக்கிவிட்டேன். ஓம், தலைவர், கதிரையில் இருங்கோ! இந்த மின்விசிறிகள் வேறு இணைப்பில் ஓடுகின்றன. நான் பேச எழும்பியபோது, படகுப் பதிவைப் பார்க்கும் யூலியட் அதைத் தூக்கிவிட்டு, அறையைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்தார். இதோ திறப்பு. உள்ளே ஒருவரும் இல்லை. மணி பார்க்கிறேன். ஒன்பது நிமிடம். மிச்சம் இரண்டு நிமிடம். எழும்பி நின்று மேரிஜோசப்பினுக்கு மௌன அஞ்சலி செலுத்துவோம்.

...

கேட்டதா? என் சட்டைப்பையில் இருக்கும் போன்தான். வாசிக்கிறேன்: ‘எழும்பிட்டன். பட்டியல் இருக்கு.’ கணினிகள் எழும்பியதும் தானாகப் போகும்படி அவர் எழுதி வைத்த செய்தி. இரண்டே இரண்டு எண்களுக்குத்தான் போகும். ஒன்று அவருடையது. மற்றது, கல்லில் பெயர் இல்லாத இந்தக் கிழவனுடையது. ஆறு வருடமாய் ஒவ்வொரு தரமும் வந்தது. அதையும் நான் உங்களுக்குச் சொல்லவில்லை.

இந்த மாதமே, நான் அன்று எழுதாத தாளை எழுதுவேன். தமிழில், சுவரில் ஒட்டுவேன். வாசிக்கத் தெரிந்த எவரும் வந்து படிக்கலாம். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடும். தலைவர் அவர்களே, தீர்மானத்தைக் கிழித்துப் போடுங்கள்!

கிறேசம்மா அக்கா, உங்கடை மடியிலை இருக்கிற மகளின்ரை போனைப் பாருங்கோ. அதுக்கும் வந்திருக்கும்.