டெண்டர்னா படகாம்

...டெண்டர்னா படகாம் சார். படகு. இப்படி ஒரு அநியாயத்த எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? படகுக்குப் படகுன்னு பேர் வச்சா என்ன கொறஞ்சு போயிடும்? டெண்டர் போட்டுப் போட்டே தலை நரைச்சவன் நான். மதகு கட்டியிருக்கேன், காம்பவுண்டு சுவர் கட்டியிருக்கேன், பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் கட்டியிருக்கேன், எல்லாம் டெண்டர்ல எடுத்தது. அப்பேர்ப்பட்டவன்கிட்ட வந்து... அடடா, எழுந்திரிக்காதீங்க. கால்ல இவ்வளவு பெரிய மாவுக்கட்டோட எங்க போகப் போறீங்க. மூஞ்சி மேல இருக்கிற அந்தத் தொப்பிய மட்டும் கொஞ்சம் எடுத்தீங்கன்னா போதும், பேச வசதியா இருக்கும். நான் இப்படிப் பக்கத்து நாற்காலியில உக்காந்துக்கறேன். இந்த மேல்தளத்துல நீங்களும் நானும்தான் மிச்சம். மத்தவங்கல்லாம் கரைக்குப் போயாச்சு.

அதோ, அந்த மலையில படிக்கட்டு வளைஞ்சு வளைஞ்சு ஏறுது பாருங்க. அதுல புள்ளி புள்ளியா நகருதுல்ல? அதான் கழுதை. என் குடும்பம் இன்னிக்கு ரெண்டா நிக்குதுன்னா அந்தக் கழுதையாலதான்.

என்ன? என் சட்டையில என்ன? காபியா? காலையில குடிக்கும்போது கொட்டியிருக்கும். விடுங்க.

பொண்ணு வாங்கிக் குடுத்த டிக்கெட்டு சார் இது. அப்பாவும் அம்மாவும் ஒரு தடவையாவது சேந்து எங்கயாவது போங்கன்னு. கப்பல் மூணு துறைமுகத்துல நிக்கும், ஒவ்வொரு எடத்துலயும் எறங்கி என்ன பாக்கலாம்னு படம் போட்ட புத்தகம் வந்துச்சு. என் வீட்டம்மா அதுல ஒரே ஒரு படத்தைத்தான் கத்தரிச்சா. ஒரு பொம்பளை தொப்பி போட்டுக்கிட்டு, கழுதை மேல உக்காந்து, கடலைப் பாத்தபடி படியேறுது. அதை ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிட்டுச் சொன்னா: “மத்த ஊரெல்லாம் உங்க இஷ்டம். கழுதை மட்டும் எனக்கு.”

ஏழு கழுதை வயசாச்சு, இப்ப எதுக்கும்மா எட்டாவதுன்னு கேட்டேன். சிரிக்கல. இதையே சாப்பாட்டு மேசையில எங்களோட உக்கார்ற பல் டாக்டர்கிட்ட சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “இத்தன வருஷம் உங்களோட குப்பை கொட்டினவங்களுக்குக் கழுதை என்ன புதுசா?” அதுக்குச் சிரிச்சா. தண்ணி புரையேறற அளவுக்குச் சிரிச்சா. சரி, இருக்கட்டும்.

மொத துறைமுகம். கப்பல் நேரா கரைய ஒட்டியே நின்னுச்சு, பலகையில நடந்து எறங்கிட்டோம். வெளிய டாக்ஸிக்காரங்க. ஒருத்தன் வந்து ஊரைச் சுத்திக் காட்டறேங்கறான். ஒருத்தன் சொன்ன வெலைக்கு ஏறிட முடியுமா? மூணு கொட்டேஷனாவது வாங்கணுமா இல்லையா? வாங்கினேன். ஒருத்தன் சர்ச்சும் சந்தையும்ங்கறான், ஒருத்தன் சர்ச்சும் கோட்டையும்ங்கறான், மூணாமவன் ஏ.சி. உண்டுங்கறான், ஆனா சந்தை கெடையாது. எதை எதோட ஒப்பிடறது? எல்லாரும் ஒரே மாதிரி எழுதிக் குடுங்கன்னு காயிதம் குடுத்தேன். எழுதினாங்க சார், பாவம், நல்ல பசங்க. ஒருத்தன் கையெழுத்து கூடப் போட்டான். நான் கட்டம் கட்டி ஒப்பிட்டு, கழிச்சு, கூட்டி, இவன்தான்னு முடிவு பண்ணி நிமிர்ந்து பாக்கறேன், கப்பல்ல ஊதறான். ஏறுங்க, நேரமாச்சுன்னு. அவ அங்க கயிறு கட்டற இரும்புத் தூண் மேல உக்காந்திருந்தா. “முடிஞ்சுதா?”ன்னு கேட்டா. முடிஞ்சுது, நல்ல ரேட்டுன்னேன்.

நீங்க ஏன் அந்தக் கைத்தடியத் தூக்கறீங்க? யாரையாவது கூப்பிடணுமா? தண்ணி வேணுமா? இருங்க, இந்தக் கதை முடியட்டும்.

ரெண்டாவது துறைமுகத்துல அந்தத் தப்ப நான் பண்ணல. டாக்ஸியே வேணாம், நடந்து போற தூரத்துல ஒரு கோட்டை. ஆனா ஏகப்பட்ட படிங்கறாங்க. அவளுக்கு முழங்கால் வலி. சைட்டப் பாக்காம ஒரு வேலையில கை வைக்கலாமா? நீ ரூம்லயே இரு, நான் மொதல்ல போய்ப் பாத்துட்டு வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். படியெல்லாம் ஏறிப் பாத்தேன். கைப்பிடி உறுதியா இருக்கான்னு ஆட்டிப் பாத்தேன். சுவர்ல ஒரு வெடிப்பு, அத அங்க இருந்த காவலாளிகிட்ட காட்டி, இப்படி விட்டீங்கன்னா மழைக்குத் தாங்காதுன்னு சொல்லி, அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது, ரெண்டு பேரும் அந்த வெடிப்பையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னோம். நல்ல மனுஷன். ஓட்டமா ஓடி வந்து ரூம் கதவத் தட்டினா, கால்ல ஷூ மாட்டி, தலை வாரி, கைப்பையோட கட்டில் விளிம்புல உக்காந்திருக்கா. கெளம்பு, அருமையான கோட்டைன்னேன். பலகையத் தூக்கற சத்தம் கேட்டுச்சு.

“எப்படி இருந்திச்சு?”ன்னா. பாக்கலாம், தாராளமாப் பாக்கலாம்னேன்.

அதுக்கப்புறம் ஷூவக் கழட்டினா பாருங்க... மெதுவா, ஒவ்வொண்ணா. அந்த மாதிரி அவ செருப்பக் கழட்டி நான் நெறையப் பாத்திருக்கேன் சார். ஒவ்வொரு ஆபீஸ் வாசல்லயும் அவளை வண்டியில உக்கார வச்சிட்டு, இதோ வந்துடறேன், ஒரு கையெழுத்துதான்னு உள்ள போவேன். வெளிய வந்தா சாயங்காலமா இருக்கும். எதாவது கேட்டுடுவாளோன்னு நானே மொதல்ல கத்திடுவேன்.

ம்? என்னமோ சொல்றான் ஸ்பீக்கர்ல... பதினேழாம் நம்பர் வாங்கங்கறான். எவனோ பதினேழாம். நமக்கென்ன.

சரி, மூணாவது ஊர். இதோ, இதான் அந்த ஊர், கழுதை ஊர். நேத்து கதவுக்கு அடியில ஒரு தாள் வருது. என்னன்னு போட்டிருக்கான்? “நாளை டெண்டர் துறைமுகம். கரைக்குச் செல்ல டெண்டர் டிக்கெட் அவசியம்.” எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு சார். ரெண்டு ஊர் போனா போகட்டும், கழுதை ஊர் என் தொழிலுக்கே வந்துடுச்சேன்னு. நீ கவலையே படாத, கழுதை உனக்குத்தான், இதுல என்னை அடிச்சுக்க ஆள் கெடையாதுன்னு அவகிட்ட சொன்னேன். அவ குளிக்கப் போயிட்டா.

உக்காந்து கவர் தயார் பண்ணினேன். அரக்கு வைக்கணுமே, கப்பல்ல அரக்குக்கு எங்க போறது? அவளோட நகப்பூச்சு இருந்துச்சு, செகப்பு. அத எடுத்து வச்சுக்கிட்டேன். அடுத்தது ரேட்டு. இங்கதான் சார் எனக்கே கொழப்பம். வேலைன்னா கம்மியாக் கேட்டவனுக்குக் கெடைக்கும். ஏலம்னா கூடக் கேட்டவனுக்கு. கரைக்குப் போறது வேலையா, ஏலமா? பல் டாக்டரக் கேட்டேன். சம்சாரத்தோட போனா வேலைதான்னுட்டார். அதனால ரேட்டு பூஜ்யம்னு போட்டேன். பூஜ்யத்துக்குக் கீழ எவன் போடுவான்? ஒத்தைக் கவர் விழுந்தா ரத்து பண்ணிடுவாங்களேன்னு, பல் டாக்டரையே துணைக்கு ரெண்டு கவர் போடச் சொன்னேன். பேருக்கு, கொஞ்சம் கூடப் போடுங்கன்னேன். சரி சரின்னு தலைய ஆட்டினார். அப்புறம் எனக்கு நிம்மதியே இல்ல. அவர் சிரிச்ச சிரிப்பு சரியில்ல. ஒருவேள மைனஸ்ல போட்டிருப்பாரோ?

டெபாசிட்டு இல்லாம டெண்டர் செல்லாது. பணத்த வைக்க பயம். அதனால ரூம் கார்டு ரெண்டையும், என்னுது ஒண்ணு, அவளுது ஒண்ணு, உள்ள வச்சு, நகப்பூச்சு பாட்டில முழுசாக் கவுத்து ஒட்டி, ஊதிக் காய வச்சேன். டூர் கவுண்டர்ல மூடி போட்ட ஒரு பெட்டி, பூட்டுத் தொங்குது, மேல கீறல். வேற என்னவா இருக்கும்? போட்டுட்டேன்.

அதுக்குள்ள அவ நீச்சல் குளத்துப் பக்கம் போயிட்டு வந்து, ஈரத் தலையோட, துண்டோட, பூட்டின ரூமுக்கு வெளிய நின்னுருக்கா. கார்டு எங்கன்னா. டெபாசிட் கட்டியிருக்கேன்னேன். என்னையே பாத்தா. அப்படியே துண்டோட கவுண்டருக்கு நடந்து போனா. திரும்பி வரும்போது கையில புதுக் கார்டு. நான் பதறிட்டேன், என்னடி பண்ணின, எப்படிக் குடுத்தாங்கன்னு.

“கேட்டேன். குடுத்தாங்க.”

இவ்வளவுதான் சார் சொன்னா. அதுக்கப்புறம் இந்த நிமிஷம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசல.

நான் போய்க் கேப்பேனா? டெபாசிட்ட திருப்பிக் கேட்டா டெண்டர் வாபஸ்னு அர்த்தம். விடியட்டும்னு இருந்தேன். காலையில கவுண்டர்ல நின்னு, எப்பம்மா கவர் திறப்பீங்கன்னு அந்தப் பொண்ணக் கேட்டா, நான் கவர் போட்டது பயணிகளோட கருத்துப் பெட்டியாம். எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறம்தான் திறப்பாங்களாம். டெண்டர்ங்கறது கப்பலுக்கும் கரைக்கும் போய் வர்ற படகாம். டிக்கெட்டுங்கறது நம்பர் போட்ட ஸ்டிக்கராம். சும்மாக் குடுக்கறாங்களாம். கேட்டா போதுமாம். “எல்லாம் குடுத்தாச்சு சார், உங்க வீட்டம்மா விடியும்போதே வந்து வாங்கிட்டாங்களே”ங்குது.

ஒண்ணு வாங்கினாளா ரெண்டு வாங்கினாளான்னு நான் கேக்கல. கேக்கலாம். கேட்டா, ஒண்ணுதான்னு சொல்லிட்டா? அந்தச் சின்னப் பொண்ணு முன்னாடி நான் மூஞ்சிய எங்க வச்சுக்கறது?

ரூமுக்குப் போய்க் கண்ண மூடிப் படுத்துட்டேன். தூங்கற மாதிரி. அவ தலை வாரிக்கிட்டா, ஷூ மாட்டிக்கிட்டா. கெளம்பும்போது பக்கத்துல வந்து நின்னு, என் சட்டைப் பைய ஒரு தட்டு தட்டினா. அவ்வளவுதான். கதவு சாத்தற சத்தம். அந்தத் தட்டு கோவத் தட்டா, பாசத் தட்டா, போய்ட்டு வரேன்னா, போய்த் தொலைன்னா... இத்தன வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்குத் தெரியல சார்.

மறுபடியும் பாருங்க. பதினேழாம் நம்பர், கடைசி அழைப்பாம். அலை ஏறுதாம், இதான் கடைசிப் படகாம். எவன் சார் அந்தப் பதினேழு? ஒரு படகையே நிறுத்தி வச்சிருக்கான். இங்க ஒருத்தன் ஸ்டிக்கர் கெடைக்காம வயிறெரிஞ்சு உக்காந்திருக்கான், கையில வச்சிருக்கிறவன் எங்கயோ உக்காந்து வெட்டிக் கதை பேசிக்கிட்டிருப்பான். பொறுப்பில்லாத ஜென்மம்.

குத்தாதீங்க சார், கைத்தடி நெஞ்சுல படுது. எனக்கும் தெரியும் சட்டையில கறைன்னு.

இருங்க, கம்பி பக்கம் போய்ப் பாக்கறேன். ...ஆமா, கீழதான் நிக்குது படகு. ரொம்பி வழியுது. பல் டாக்டர் மொத வரிசையில, பாத்தீங்களா, கவரும் போட்டுட்டு ஸ்டிக்கரும் வாங்கியிருக்கார். அட, அவளும் அதுலதான் இருக்கா. இன்னும் போகலயா இவ? டாக்டரோட சம்சாரத்துகிட்ட தொப்பி எரவல் வாங்கிப் போட்டிருக்கா. படத்துல இருந்த பொம்பளை மாதிரியே. பக்கத்துல ஒரு எடம் காலியா, கைப்பைய வச்சு மறிச்சிருக்கா. மேலயே பாக்கறா. எதுக்கு இப்படி அண்ணாந்து பாக்கறா, கழுத்து வலிக்கப் போகுது. எல்லாம் அந்தப் பதினேழால வந்தது. இப்படி ஒரு பொம்பளைய வெயில்ல காக்க வச்சிட்டு, வரேன் வரேன்னு வராம இருக்கறவன்லாம் ஒரு மனுஷனா? அவனையெல்லாம்...

என்ன சார், இவ்வளவு நேரம் வாயே திறக்காம இருந்துட்டு இப்பக் கத்தறீங்க?

பதினேழா? எங்க?

...

சட்டையில ஸ்டிக்கர். இது எப்ப... அந்தத் தட்டு. இது அந்தத் தட்டு சார். பையில கார்டும் இருக்கு. புதுசு. காலையிலருந்து சீப்புன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். எனக்கும் சேத்துக் கேட்டிருக்கா.

ஏ, இரு, வரேன். படகுக்காரரே, பதினேழு இங்க, மேல. நிறுத்துங்க. அவ கையாட்டறா சார். கோவத்துல இல்லையே? இங்கருந்து பாத்தா தெரியல. மன்னிச்சுக்கோங்க, உங்க தொப்பி மேல உக்காந்துட்டேன் போலிருக்கு, அத நிமித்திக்கோங்க. எந்தப் படி சீக்கிரம் கீழ போகும்? இதா? நன்றி, நல்லாப் பேசினீங்க, சாயங்காலம் வந்து மிச்சத்தச் சொல்றேன். எந்திரிக்காதீங்க.

ஒண்ணே ஒண்ணு சார். அங்க கழுதைக்காரங்க எத்தன பேர் இருப்பாங்க? மூணு பேராவது... இல்ல. வேணாம். மொதல்ல எந்தக் கழுதை நிக்குதோ அது. அவ கேட்ட கழுதை. வாயே திறக்க மாட்டேன், சத்தியம்.

ஆனா எனக்கும் ஒரு கழுதை வேணும்ல? அதுக்கு மட்டும் ஒரு ரெண்டு பேர்கிட்ட...